இரண்டு பேர் பாரத்துக்குக் கட்டிய சைக்கிள்

அன்புள்ள என்னங்கவுக்கு,

பேரைச் சொல்லிக் கடிதம் தொடங்கிப் பார்த்தேன். வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து உங்களை அப்படித்தானே கூப்பிட்டேன், இனிமேலா மாற்றப் போகிறேன்? நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. நான் நன்றாக இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். எதிர் மனையில் அபார்ட்மெண்ட் எழும்பி நம் மொட்டை மாடி வெயிலில் பாதியை விழுங்கிவிட்டது. வடாம் காயவைக்க இடம் தேடி அலைகிறேன்.

முக்கியமான செய்தி வேறு. உங்கள் சைக்கிள் ஓடுகிறது. ஓட்டுவது நான். சிரிக்காமல் முழுசாகக் கேளுங்கள்.

எல்லாம் சொந்தத்தில் அந்தக் கல்யாணத்துக்குப் போனபோதுதானே தொடங்கியது? பின்சக்கரத்துக்குள்ளேயே பேட்டரி மோட்டார் வைத்து நீங்கள் கட்டிய முதல் சைக்கிளில், பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக என்னைக் கேரியரில் உட்காரவைத்துக் கிளம்பினீர்கள். பெருங்களத்தூர் மேம்பாலத்தில் பாதி ஏறியதும் மோட்டார் முனகியது, அப்புறம் நின்றே போனது. நான் இறங்கிப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன், நீங்கள் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். பக்கத்தில் ஊர்ந்த பஸ்ஸிலிருந்து ஒருவர், "இன்னா சார், சைக்கிளுக்கு மூச்சு வாங்குதா, அக்காவுக்கா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். உங்களுக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

கல்யாணச் சாப்பாட்டில் பாயசத்தைக்கூடத் தொடவில்லை நீங்கள். இலையின் மேல் விரலால் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். "மோட்டார் மேல தப்பு இல்ல விஜி. மேட்டுல நம்ம கியர் மாத்துறோம் இல்ல? அதுக்கு மாத்த கியரே இல்ல, பாவம் இன்னா பண்ணும்? இனிமே பாலத்துல உன்னை எறங்க விட்டா கேளு." பந்தியில் உங்கள் பக்கத்தில் இருந்தவர், ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததா? வாரம் முழுக்க மறைமலை நகர் கம்பெனியில் மெஷினோடு மெஷினாக நின்றுவிட்டு வந்து, ஞாயிறானால் பின்கட்டில் சைக்கிளோடு உட்கார்ந்துவிடுவீர்கள். மோட்டாரைச் சக்கரத்திலிருந்து பெடலுக்குப் பக்கத்துக்குக் கொண்டுவந்தீர்கள். காலால் மிதித்தாலும் மோட்டார் இழுத்தாலும் ஒரே செயின், பின்னால் சின்னதும் பெரியதுமாகப் பல்சக்கரங்கள். மேடு வந்தால் பெரிய பல்சக்கரம், சமதளத்தில் சின்னது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதற்குள் எத்தனை செயின் அறுந்தது! எத்தனை நாள் நான் பருப்புக்கு வைத்திருந்த பாத்திரத்தில் உங்கள் நட்டும் போல்ட்டும் மண்ணெண்ணெயில் ஊறின!

ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் வாசலில் நின்று கத்துவீர்கள்: "லோடு ரெடியா?" லோடு நான்தான். தெருவே வேடிக்கை பார்க்கும். அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு போங்கள், என் மானத்தை வாங்காதீர்கள் என்று சண்டை போட்டிருக்கிறேன். "அரிசி மூட்டை பேசாது விஜி. எங்க குலுங்குது, எங்க சத்தம் வருதுன்னு நீ சொல்லுவ." உண்மைதான், விடாமல் சொன்னேன். உங்கள் முதுகைத் தவிர எதையும் பார்க்காமலேயே அந்தச் சைக்கிளை முழுக்கத் தெரிந்துகொண்டேன். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுத்தான் கியரை மாற்ற வேண்டும், இல்லையென்றால் செயின் அறுந்துவிடும் என்பதெல்லாம் என் இடுப்புக்கே தெரியும்.

ஒருவழியாகக் கட்டி முடித்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை பாலம் ஏறுவோம் என்றீர்கள். வெள்ளிக்கிழமை கம்பெனி பஸ்ஸில் திரும்பி வரும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? இதை உங்களிடம் கேட்டே ஆக வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டேன், விடுங்கள்.

சைக்கிளைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்தேன். போன மாசம் உங்கள் அக்கா வந்தார். அண்ணியைத்தான் உங்களுக்குத் தெரியுமே, துக்கமானாலும் அதட்டலாகத்தான் வெளியே வரும். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார், பட்டென்று கீழே விட்டார்.

"தம்பியே போய்ட்டான். இந்த இரும்ப வெச்சிகினு இன்னாடி பண்ணப் போற? பழைய இரும்புக் கடைக்காரன கூட்டாறேன், எடுத்துகினு போவட்டும். இத்த பாத்தாலே எனக்கு வயிறு எரியுது."

"நான் ஓட்டப் போறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டேன். அதற்கு முந்தின நொடி வரை எனக்கே அது தெரியாது.

"நீயா? கேரியர்ல குந்திகினு வந்தவதானே! ஓட்டிக் காட்டு, அப்பால நான் வாயத் தொறந்தா கேளு. இல்லாட்டி வர்ற ஞாயித்துக்கெழம இரும்புக் கடைதான்."

மறுநாள் விடிந்ததும் எடுத்தேன். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போன கால்கள், மறக்கவில்லை. ஆனால் உங்கள் சைக்கிள் என்னை மதிக்கவில்லை. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகினாலே கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. எந்தக் கியரில் போட்டாலும் அதே துள்ளல்தான். தெருமுனை மேட்டில் பின்சக்கரம் சரளையில் வழுக்கி, என்னைக் கரண்ட் கம்பத்தோடு அணைத்து நிறுத்தியது. முழங்கை சிராய்ப்பு. பார்த்தவர்களிடம் கம்பத்தில் சாய்ந்து இளைப்பாறுவதாகச் சொல்லிவிட்டேன்.

உங்கள் சினேகிதர் சேவியர் அண்ணனின் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சிரித்தார்.

"ரிப்பேர் ஒண்ணும் இல்லம்மா. இவன் மொத்தத்தையும் ரெண்டு பேர் பாரத்துக்கே கட்டியிருக்கான். ஒத்த ஆள் ஏறினா துள்ளத்தான் செய்யும். மோட்டார்ல இருக்கிற பல்சக்கரத்தை மட்டும் மாத்திட்டா போதும், நீ தனியா ஓட்ட அடக்கமா போவும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்."

"மாத்தினா ரெண்டு பேர் பாலம் ஏற முடியுமா அண்ணா?"

"அது முடியாது. ஆனா இப்ப நீ ஒருத்திதானேம்மா..." என்றவர், ஸ்பேனரைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. சரி, மாற்றிவிடுங்கள் என்று சொல்லக்கூட வாயைத் திறந்துவிட்டேன். சிராய்ப்பு அப்படி எரிந்தது. அப்போதுதான் கேரியரில் நீங்கள் எனக்காகத் தைத்துப் போட்ட ஸ்பாஞ்ச் மெத்தை கண்ணில் பட்டது. இவ்வளவு யோசித்துக் கட்டிய மனுஷன் பாலம் ஏறுவதைப் பார்க்காமலேயே போய்விட்டார், அது ஏறுமா ஏறாதா என்று தெரிந்துகொள்ளாமலேயே நான் பிரித்துவிடுவதா? "வேண்டாம் அண்ணா, நான் லோடு பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

லோடு யார் என்று ஊகித்திருப்பீர்களே. ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு, இரண்டு பேருமே போக வேண்டும்.

"ஓட்டிக் காட்டறேன் அண்ணி. பின்னாடி ஏறுங்க."

"நான் இன்னா மூட்டையாடி?"

"மூட்டை பேசாது அண்ணி. நீங்க பேசுவீங்க."

இது யார் பேச்சு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பட்டுப்புடவையைச் சொருகிக்கொண்டு, சீர்த்தட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். என்ன ஆச்சரியம்! அவர் உட்கார்ந்ததும் சைக்கிளின் துள்ளலெல்லாம் அடங்கிவிட்டது. வழியெல்லாம் அண்ணி பேசிக்கொண்டே வந்தார். பள்ளம், லாரி, நாய், என் ஓட்டு லட்சணம், எதையும் விட்டுவைக்கவில்லை. பாலத்தின் அடிக்கு வந்ததும்தான் குரல் இறங்கியது.

"எறங்கணுமாடி?"

"எறங்க வேணாம் அண்ணி. உக்காருங்க."

ஆக்சிலேட்டரை விட்டேன், பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினேன், மறுபடி திருகினேன். செயின் ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டது. வேகம் ஒன்றும் இல்லை, ஓரமாக நடந்துபோன ஒரு பெரியவர் எங்களோடு கூடவே வந்தார். ஆனால் நிற்கவில்லைங்க! அன்றைக்கு நான் புடவையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய இடம் வந்தது. மோட்டார் முனகவில்லை. அந்த இடம் பின்னால் போயிற்று. அண்ணியின் கை என் தோளைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

உச்சிக்கு வந்ததும் காற்று முகத்தில் அடித்தது. அப்போதுதான் என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு அண்ணி சொன்னார்.

"ஏத்திட்டான் பாருடி, என் தம்பி."

நான் ஓட்டினேன், அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் ஏற்றியது நீங்கள்தான். இறக்கம் முழுக்க இரண்டு பேரும் அழுதோம், சிரித்தோம். பிரேக்கை மட்டும் நான் விடவில்லை.

இப்போது இரும்புக் கடைப் பேச்சே கிடையாது. ஞாயிறானால் அண்ணியே வாசலில் வந்து, "லோடு ரெடிடி, எங்க போறோம்?" என்கிறார். அடுத்தது சிங்கப்பெருமாள் கோவில் என்று அவரே முடிவு செய்துவிட்டார். அவ்வளவு தூரம் பேட்டரி தாங்குமா? தாங்காவிட்டால் மிதிக்கப் பெடல் இருக்கிறதே என்பீர்கள், எனக்குத் தெரியும். பின்னால் இருப்பது யார் என்று யோசித்துச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பல்சக்கரத்தை மாற்ற மாட்டேன். நீங்கள் இரண்டு பேருக்கென்று கட்டியது இரண்டு பேரோடுதான் ஓடும். நான் ஓட்டும் வரைக்கும் உங்கள் கேரியரில் ஏறியவர் யாரும் எந்தப் பாலத்திலும் இறங்கி நடக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் லோடு, இந்நாள் டிரைவர்,
எந்நாளும் உங்கள் மனைவி
விஜி