மச்சானின் வழவழப்பான பக்கம்

செப்டம்பர் 9, திங்கள்

கிள்ளான் வீட்டிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் அலுவலகம் வரை லிட்டருக்கு 21.6 கிலோமீட்டர். முன்பக்கக் கிரில்லின் கீழ்ப்பாதியைக் கறுப்பு நுரைக்குழாயால் அடைத்த பிறகு வந்த எண் இது. அடைப்பதற்கு முன் 21.1. அதுவரை காற்று, கூட்டத்துக்கு வரும் சிறப்பு விருந்தினரைப் போல உள்ளே நுழைந்து, ஒரு வேலையும் செய்யாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும். காலை எட்டு மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் வேகம் என்று ஒன்று இல்லாததால் எதிர்ப்பும் இல்லை, ஆகவே சோதனையும் இல்லை. அதனால் ஐந்தே முக்காலுக்குக் கிளம்புகிறேன். இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்து காரில் தூங்குகிறேன்.

"தூங்குறதுக்கா அவ்ளோ தூரம் போறீங்க?" என்றாள் என் மனைவி குமுதா. பதில் யோசிக்கிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

காரைச் சாய்தளத்தில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை திருத்துவது என் தொழில். இந்த ஹைப்ரிட் காரின் மேல்பாகத்தை வரைந்தவர்கள் ஒவ்வொரு வளைவையும் மூன்று முறை படித்திருக்கிறார்கள். அடிப்பாகத்தை ஒருவரும் படிக்கவில்லை. குழாய், கம்பி, பள்ளம், மேடு. அட்டைப்படம் பிரமாதமாக அமைந்து, உள்ளே பக்கங்கள் மாறிப்போன புத்தகம்.

தட்டையான பலகை அடித்தால் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். கனமில்லாத, தண்ணீரில் ஊறாத பலகை வேண்டும். எங்கே கிடைக்கும்?

செப்டம்பர் 15, ஞாயிறு

கிடைத்தது.

குமுதாவின் அண்ணன் பரமேஸ்வரன் வந்தார். நான் அவருக்கு மச்சான், அவர் எனக்கு மச்சான். மொழியே இந்த உறவுக்கு ஒரு கண்ணாடியை வைத்திருக்கிறது. ஆறு வருடம் இந்தக் கண்ணாடியில் யாரும் முகம் பார்க்கவில்லை. எங்கள் மகள் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பின்னால் 'பி.ஜே.கே.' விடுபட்டுவிட்டது. அரசாங்கம் கொடுத்த விருது. பத்திரிகைக்குப் பிழை திருத்தியவன் நான். மூன்று எழுத்துக்கு ஆறு வருடம், அதாவது எழுத்துக்கு இரண்டு. போன மாதம்தான் ஒரு மருத்துவமனை நடைபாதையில் குமுதாவும் அவரும் எதிரெதிரே வந்து, வேறு வழியில்லாமல் அழுதார்கள்.

இன்று தம் நான்கு சக்கர இயக்க டிரக்கில் அறுபது போர்டுகள் கொண்டுவந்தார். அவருடைய வீடமைப்புப் பகுதியான தாமானின் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் தேர்தலுக்கு அவர் முகம் போட்டு அடித்தவை. வீடுகள் இருநூற்றுப் பன்னிரண்டு, போர்டுகள் அறுபது. சுகுமாறன் என்பவரிடம் ஒன்பது வாக்கில் தோற்றார்.

"வீட்டுல வைக்க விடமாட்டேங்கிறா மச்சான். ஒரு மூஞ்சியே போதுமாம்."

எங்கள் போர்ச்சில் அடுக்கினோம். இம்ப்ரா போர்டு என்கிற பிளாஸ்டிக் அட்டை. கனமில்லை, தண்ணீரில் ஊறாது.

அவர் போன பிறகு குமுதா போர்டுகளைத் துணியால் துடைத்தாள். பிறகு, "இந்தத் தீபாவளிக்கு அண்ணன் வரும்ல?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? வரும் என்றேன்.

செப்டம்பர் 21, சனி

குமுதா மஸ்ஜித் இந்தியாவுக்குத் தீபாவளித் துணி பார்க்கப் போயிருந்த நேரத்தில் வேலையை முடித்தேன். ஒன்பது போர்டுகள், கேபிள் டை, திருகுகள். புகைக்குழாய்ப் பக்கம் ஒரு சாண் இடைவெளி.

ஒரே ஒரு கேள்விதான் அரை மணி நேரம் எடுத்தது. போர்டுக்கு இரண்டு பக்கம். பின்பக்கம் வெள்ளை, விரலால் தடவினால் வரிவரியாகத் தட்டுப்படுகிறது. முன்பக்கம் மச்சான், கைகூப்பியபடி, மேலே மெல்லிய பளபளப்புத் தாள் ஒட்டி, வழவழவென்று. காற்று ஓடும் பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும்.

ஒரு மனிதரின் முகத்தைச் சாலையைப் பார்த்துத் திருப்புவது மரியாதையா? எஞ்சினைப் பார்த்துத் திருப்புவது மட்டும் மரியாதையா? கழுத்து வலித்தது. முகம் கீழே.

செப்டம்பர் 23, திங்கள்

22.9.

செப்டம்பர் 27, வெள்ளி

23.0. மச்சான் நன்றாக ஓடுகிறார்.

அக்டோபர் 5, சனி

வாக்குச்சீட்டில் குளறுபடியாம். அக்டோபர் 27 அன்று மறுதேர்தல். மச்சான் போர்டுகளை எடுக்க வந்தார். எண்ணினார். நான் போர்ச்சின் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்பத்தொண்ணுதான் இருக்கு. மிச்சம் எங்க?"

"ரோட்டுல இருக்கு, மச்சான்."

எங்கிருந்து வந்தது இந்த வாக்கியம்? எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, பிழை ஒன்றும் இல்லை.

அவர் முகம் மலர்ந்தது. "அதுக்குள்ள போட்டுட்டீங்களா? எது வரைக்கும்?"

"பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும்."

"அங்க நமக்கு ஓட்டு இல்லையே லா!" என்று சொல்லி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "ஆறு வருஷம் உங்களத் தப்பா நெனச்சிட்டேன் மச்சான்."

குமுதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வண்டி திரும்பியதும் மண்டியிட்டு, கன்னம் சிமெண்டில் படக் குனிந்து, காருக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"கழட்டிடுங்க," என்றாள்.

திங்களன்று கழற்றுவதாகச் சொன்னேன். எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

23.2. இந்தத் திங்கள் இல்லை.

அக்டோபர் 19, சனி

எழுதத்தான் வேண்டும்.

மச்சானின் டிரக் பூச்சோங்கில் பட்டறையில் நிற்கிறது. அவரை அங்கிருந்து கூட்டிவரச் சொன்னாள் குமுதா, கூடவே வந்தாள். அண்ணனுக்கு முன் இருக்கையைக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தாள். என் கணக்குப்படி அவருக்கு நேர் கீழே நான்காவது போர்டு.

"சத்தமே இல்லையே மச்சான். கப்பல் மாதிரி போகுது."

கப்பல் என்றதும் மழை பிடித்தது. கிள்ளானில் அவர் தாமான் நுழைவாயில் அருகே சாலையில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ்வரை தண்ணீர். மெதுவாகத்தான் போனேன். முன்பக்க போர்டின் கட்டு விட்டு, தண்ணீரை அள்ள ஆரம்பித்தது. அடியில் யாரோ பல்லைக் கடிப்பது மாதிரி ஒரு சத்தம்.

"நிறுத்துங்க, என்னமோ மாட்டிக்கிச்சு," என்றார் மச்சான்.

"நான் பாக்கிறேன். நீங்க ஒக்காருங்க மச்சான், நனையாதீங்க."

அதற்குள் கால்சட்டையை மடித்துவிட்டு இறங்கிவிட்டார். யாருக்கு என்ன மாட்டிக்கொண்டாலும் முதலில் இறங்குகிற மனிதர். ஒன்பது வாக்கு ஏன் குறைந்தது என்று தெரியவில்லை. குனிந்து இழுத்தார், வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தார். சேறு வழிந்த பிறகு மூக்கும் மீசையும் கூப்பிய கையும் தெரிந்தன. தாடையில் மட்டும் நீளமாகக் கீறல்.

மழையில் நின்றபடி கட்டைவிரலால் அந்தக் கீறலைத் தடவினார்.

"மச்சான்," என்றார், "நான் இங்க என்ன பண்றேன்?"

சொன்னேன். கிரில், வர்க்கம், 21.6, 23.2, வழவழப்பு. பாதி சொல்லும்போதே எனக்குக் கேட்டது, நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று.

"இன்னும் எத்தன பேரு இருக்கேன் கீழ?"

"எட்டு."

போர்டைக் குடையாகத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வீட்டுக்குப் போனார். பின்னாலிருந்து குமுதா, "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டாள். மழைச் சத்தம். கேட்டிருக்காது. கேட்டிருக்கும்.

அக்டோபர் 20, ஞாயிறு

எட்டையும் கழற்றினேன். கழுவினேன். ஒன்றில் கண் இருந்த இடம் தேய்ந்துபோயிருந்தது.

மாலையில் குமுதா சொன்னாள். "ஆறு வருஷம்ங்க. அண்ணன் இருக்கா செத்துச்சான்னு அடுத்தவங்கள கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டேன். ஒரு லிட்டருக்கு ஒன்னரை கிலோமீட்டருக்காக மறுபடியும் என்னால முடியாது."

1.6 என்று திருத்த வாயெடுத்தேன். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் திருத்தாமல் விட்ட முதல் எண்.

அக்டோபர் 21, திங்கள்

21.6. சரியாக இருக்கிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

'திரு. பரமேஸ்வரன், பி.ஜே.கே. அவர்களுக்கு' என்று தொடங்கி வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஏழு முறை படித்துப் பார்த்து அனுப்பினேன். பிழை இல்லை. இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் இல்லை. பிழையில்லாமல் எழுதியதுதான் பிழையோ?

அக்டோபர் 24, வியாழன்

குமுதா அவருக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்ததைச் சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்பதே சரியான சொல்.

"அண்ணே, உங்கள அவமானப்படுத்தணும்னு அவரு பண்ணல. அந்த அளவுக்கு அவருக்கு யோசனை போகாது. எங்க கல்யாணப் போட்டோவ பிளாஸ்டிக்ல அடிச்சு வச்சிருந்தா என்னையும்தான் கீழ கட்டியிருப்பாரு. தீபாவளிக்கு வாங்கண்ணே."

மறுக்க ஒன்றுமில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

மறுதேர்தல். பதினான்கு வாக்கில் தோற்றார். வென்றவர் மறுபடியும் சுகுமாறன். பழைய ஒன்பதுக்கு மேல் ஐந்து. அந்த மழையில் அவர் தம் முகத்தையே தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தாமானுக்குள் நடந்ததை எத்தனை வீட்டு ஜன்னல்கள் பார்த்தன? ஐந்தாக இருக்கலாம்.

அக்டோபர் 30, புதன்

குமுதா முறுக்கு சுட்டாள். எங்கள் இருவருக்கும் ஆகும் அளவைவிட நிறைய.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

ஒன்பது மணிக்குக் குமுதா புதுச்சேலையில் வாசலில் நின்றாள். பத்து மணிக்கும் நின்றாள். பத்தே காலுக்கு டிரக் வந்தது.

மச்சான் புது பாத்தேக் சட்டையில் இறங்கினார். தங்கையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. டிரக்கின் பின்கதவைத் திறந்தார். உள்ளே பன்னிரண்டு இம்ப்ரா போர்டுகள். ஒவ்வொன்றிலும் சுகுமாறன், கைகூப்பியபடி.

"எலெக்ஷன் முடிஞ்சு ரெண்டு நாள்ல கழட்டணும்னு சங்க ரூல்ஸ்," என்றார் மச்சான், போர்டுகளைப் பார்த்துக்கொண்டே. "அவன் கழட்டல. நேத்து நான் போய்க் கழட்டினேன். தாமான் சுத்தமா இருக்கணும்ல?"

"இருக்கணும்."

"என் வண்டிக்கு அடியில போட்டுக் குடுங்க."

எனக்குத் தெரிந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருந்தேன். இது உயரமான டிரக், முன்முகம் சுவர் மாதிரி, அடியில் என்ன கட்டினாலும் எரிபொருளில் ஒரு வித்தியாசமும் தெரியாது, கனம் கூடி லிட்டருக்கு ஓடும் தூரம் குறைந்தாலும் குறையலாம் என்றேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"பரவால்ல மச்சான். வழவழப்பான பக்கம் கீழதானே?"

"கீழதான்."

"ரெண்டு பேரும் மொதல்ல பசியாறுங்க," என்றாள் குமுதா உள்ளேயிருந்து. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"இதோ வரோம்மா," என்றார். புதுச் சட்டையைக் கழற்றி, மடித்து, என் கார் பானெட்டின் மேல் வைத்தார். பிறகு எனக்கு முன்பாகவே டிரக்குக்கு அடியில் போய் மல்லாந்து படுத்து, திருகுகளுக்காகக் கையை நீட்டினார்.