ஆணிப் பலகை நிறைந்த குளிர்காலம்

டிசம்பர் 3

உறுதியானது: எங்கள் விரிகுடாவில் இந்த இலையுதிர் காலத்தில் மாநில மீன்வளத் துறை போட்ட சோதனை வலைகளில் சிக்கிய புள்ளி ட்ரவுட் மீன்கள், கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து மிகக் குறைவு. சொன்னவர் துறையின் உயிரியலாளர் மார்கஸ் டில்லர்ட், எங்கள் வாரப் பேப்பருக்காக நான் கேட்டபோது, தொலைபேசியில். பிற்பகலில் அறிக்கையும் வந்தது. அவர் சொன்னதும் அதில் இருப்பதும் ஒன்றே. பாதியாகக் குறைந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். பாதியும் இல்லை. வழக்கத்தில் ஆறில் ஒரு பங்கு.

நம்பமுடியாமல் நேரே படகுத்துறைக்குப் போனேன். தம்பி நோலன் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். வெளியூர் ஆட்களை மீன்பிடிக்கப் படகில் கூட்டிப்போகும் ஊர் கைடுகளில் அவனுக்குத்தான் கூட்டம் அதிகம்.

"வா அக்கா. இந்த வாரம் பேப்பர்ல யாரு சாவு?"

எண்ணைச் சொன்னேன். படகுத்துறையே சிரித்தது.

"வலை போடத் தெரியாதவன் கையில வலையக் குடுத்தா காத்துதான் வரும்" என்றான். "பலகையப் பாரு. ஒரு ஆணி காலியா இருக்கா?"

இல்லை. வாடிக்கையாளர் பிடித்த மீனையெல்லாம் ஆணிப் பலகையில் மாட்டி, எல்லா ஆணியும் நிறைந்த பிறகுதான் இங்கே படம் எடுப்பார்கள். நிறையாவிட்டால் கேப்டன், அதாவது கைடு, சட்டப்படி தனக்கு உரிய பங்கைப் பிடித்து அதையும் மாட்டுவான். தன் பங்கை வாடிக்கையாளரின் ஐஸ் பெட்டியில் போடாத கேப்டனைக் கஞ்சன் என்பார்கள்.

டீசலும் இரையும் விற்கும் இனஸ் உள்ளேயிருந்து கத்தினாள்: "அந்த டில்லர்ட் பையனுக்கு ட்ரவுட்டுக்கும் இறாலுக்கும் வித்தியாசம் தெரியுமான்னு கேட்டுச் சொல்லு, வெர்னா!"

ஒரு நாளைக்கு ஆளுக்கு இருபத்தைந்து மீன் என்ற வரம்பைப் பதினைந்தாக்கவும், கேப்டன் பங்கை நிறுத்தவும் மாநில மீன்வள ஆணையம் யோசிக்கிறது. கருத்துக் கேட்பு ஜனவரி 14, இங்கே தேவாலயக் கூடத்தில். கைடுகள் சார்பில் எதிர்த்துப் பேசப்போவது நோலன். குளிர்காலப் படகு முன்பதிவுகள்தான் அவன் வீட்டுக்கு ஆண்டு முழுவதும் சோறு. பலகை நிறையாத ஊருக்கு ஹூஸ்டனிலிருந்து யார் வருவார்கள்?

டிசம்பர் 5

பேப்பர் வந்தது. முதல் பக்கம். எண், யார் சொன்னது, கைடுகளின் மறுப்பு. என் கருத்து ஒரு வரிகூட இல்லை.

டிசம்பர் 6

அலுவலகக் கதவின் கைப்பிடியில் ஒரு ட்ரவுட் தலையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வாயில் நேற்றைய பேப்பரின் துண்டு. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். எத்தனையோ விஷயம் எழுதியிருக்கிறேன். புயல் நிவாரணத்தைத் தின்றவர்களைப் பற்றி எழுதியபோதுகூட இப்படி யாரும் செய்ததில்லை. ஒரு மீன் எண்ணிக்கைக்கா?

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். கைடுகள் கயிறு கட்டும் முடிச்சு. கத்தியால் அறுத்தேன்.

டிசம்பர் 18

முதல் வாடைக்காற்று. "வந்து உன் கண்ணால பாத்துட்டு எழுது" என்று நோலன் படகில் ஏற்றிக்கொண்டான்.

குளிர் இறங்கினால் ட்ரவுட் ஆழத்துக்குப் போய்விடும். எண்ணெய் எடுக்கும் கம்பெனி தோண்டிக் கைவிட்ட பழைய எண்ணெய்க் கால்வாய்க்குப் போனோம். படகோடு படகு ஒட்டி நின்றது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கால் நனையாமல் நடந்து போகலாம். வீசிய தூண்டில் ஒவ்வொன்றும் வளைந்தது. நானே பிடித்தேன், தூண்டில் பிடித்துப் பல வருடமான நான். பக்கத்துப் படகில் ஒருவர், "மேடம், பேப்பர்ல போட்டாத்தான் மீன் வருமா? இன்னும் ரெண்டு தடவை எழுதுங்க!" என்றார். நோலன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

அவன் பங்கையும் பிடித்து என் பெட்டியில் போட்டான். வேண்டாம் என்றேன். "சும்மா இரு. அக்காகிட்ட கஞ்சத்தனம் பண்ணான்னு ஊர் பேசும்."

பலகையில் இடமில்லை. ஓர் ஆணிக்கு இரண்டு மீன்.

அப்படியானால் அந்த அறிக்கை? பொய்யையா முதல் பக்கத்தில் போட்டேன்?

ஒன்று குறித்துவைக்கிறேன், காரணம் தெரியவில்லை: விரிகுடாவின் கிழக்குக் கரைப் படகுகள் பல அங்கே நின்றன. தங்கள் கரையை விட்டு இவ்வளவு தூரம் அவர்கள் வந்து நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 19

டில்லர்ட்டைக் கூப்பிட்டேன். நேற்றுப் பார்த்ததைச் சொல்லி, அறிக்கையில் தவறு உண்டா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"மிஸ் வெர்னா, நீங்க எங்க பிடிச்சீங்க?"

"எண்ணெய்க் கால்வாய்ல."

"மத்தவங்க?"

"அங்கதான்."

"நாங்க விரிகுடா பூரா வலை போடறோம். குளிருக்கு மீன் பதுங்கற குழி உங்க ஊர்ல நிறைய இருந்ததே. அதுல எல்லாம் யாராவது போனாங்களா?"

நேற்றைய குறிப்பைப் புரட்டினேன், கால்வாய் மட்டும்தான் இருந்தது.

"ஒவ்வொரு குழியா காலி பண்ணிட்டு கடைசிக் குழியில நிக்கறோமோன்னு எனக்கு ஒரு பயம்" என்றார். "உறுதியாத் தெரியாது. எழுதிடாதீங்க."

எழுதமாட்டேன். ஆனால் போய்ப் பார்க்கலாமே. மாலை நோலனிடம் சொன்னேன்: நீ முன்பெல்லாம் டிசம்பரில் எங்கே பிடிப்பாய்? அங்கே கூட்டிக்கொண்டு போ.

"அங்கயும் மீன் இருக்கும், பந்தயமா? தோத்தவங்க கிறிஸ்துமஸுக்கு கம்போ குழம்பு வைக்கணும். அக்கா, இப்பவே வெங்காயம் உரிக்க ஆரம்பி."

டிசம்பர் 22

போய் வந்தோம். எழுதவே மனம் வரவில்லை, ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன்.

பிஷப் வளைவு. நோலன் பாடிக்கொண்டே வீசினான். ஒன்றும் இல்லை. "தண்ணி இன்னும் சூடா இருக்கு போல" என்றான். கையை விட்டுப் பார்த்தேன். விரல் விறைத்தது.

உடைந்த பாலம். இங்கேதான் அவன் தன் முதல் பெரிய ட்ரவுட்டைப் பிடித்தான். அந்தப் படம் இன்னும் அவன் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஒன்றும் இல்லை. இரையின் நிறத்தை மாற்றினான். பாட்டு நின்றுவிட்டது.

ஹென்றிக் குழி. ஒரு கெளுத்தி.

அதன் பிறகு அவன் என்னைப் பார்க்கவில்லை. வீசினான், இழுத்தான், வீசினான். திரும்பலாம் என்று நான் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. சிப்பித் திட்டில் மீனையும் ஆழத்தையும் காட்டும் கருவியை வெகு நேரம் பார்த்தான். திரையில் தரை மட்டும், சுத்தமாக, ஒரு கோடாக.

"இங்கெல்லாம் வந்து மூணு வருஷம் ஆச்சு" என்றான்.

"ஏன் வரலை?"

"எதுக்கு வரணும்? கால்வாய்லதான் தெனமும் பலகை ரொம்புதே."

சொல்லி முடித்ததும் அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே அப்போதுதான் கேட்டவன் போல. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கிழக்குக் கரைப் படகுகள்! அவர்கள் குழிகளும் இப்படித்தான் ஆகியிருக்கும். இந்தப் பெரிய தண்ணீரில் மிச்சமிருக்கும் மீனெல்லாம் ஒரு கால்வாயில் ஒடுங்கிக் கிடக்கிறது. நாம் அதைச் சுற்றி நின்று எவ்வளவு மீன், எவ்வளவு மீன் என்கிறோம்—

பலகை நிறைய நிறைய விரிகுடா காலியாகியிருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

டிசம்பர் 25

கம்போ வைத்தது நோலன். கோழியும் சாசேஜும் போட்டு. எனக்கு முதல் கிண்ணம் நீட்டினான். உப்பு கூடுதல். யாரும் சொல்லவில்லை.

டிசம்பர் 28

இனஸ் தன் கடையின் இணையப் பக்கத்தில் படம் போட்டிருக்கிறாள். நோலன், ஹூஸ்டன் ஆட்கள் ஆறு பேர், பின்னால் பலகை. எல்லா ஆணியும் நிறைந்து. அவன் கட்டைவிரலைத் தூக்கிச் சிரிக்கிறான்.

தெரிஞ்சப்புறமுமா? கண்ணால பாத்தப்புறமுமா? எப்படிடா முடியுது?

போய்க் கேட்டேன். கத்தியிருக்கக் கூடாது, கத்தினேன். அவன் கத்தவில்லை.

"நான் போகலேன்னா கால்வாய் மூடிக்குமா? என் எடத்துல இன்னொருத்தன் படகு நிக்கும், அவ்ளோதான்." பிறகு மெதுவாக: "உனக்கென்ன அக்கா. மீன் இருந்தாலும் செய்தி, இல்லேன்னாலும் செய்தி. எனக்கு மீன் இல்லேன்னா ஒண்ணுமில்ல."

காரில் வந்து உட்கார்ந்தேன். அவன் சொன்னதில் தவறு எங்கே என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜனவரி 6

டீசல் போடப் போனபோது இனஸ் குரலைத் தாழ்த்தினாள். "உன் தம்பிக்கு என்னடி ஆச்சு? ஆள் ஏத்தாம தனியா படகை எடுத்துட்டுப் போறான். சாயந்தரம் வெறும் பெட்டியோட வரான். இன்னிக்கு கிழக்குக் கரை வரைக்கும் போயிருக்கான். பொண்டாட்டியோட சண்டையா?"

தெரியாது என்றேன். அவனிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் அது பேட்டியாகிவிடும்.

ஜனவரி 14

தேவாலயக் கூடம் நிறைந்து வாசல் வரை ஆட்கள். கைடுகள் எல்லோரும் ஒரே நிறத் தொப்பி. ஆணையத்தினர் மூவர், டில்லர்ட் ஓரமாக. நான் வழக்கமான இடத்தில், பக்கச் சுவரோரம்.

கைடுகள் சார்பில் நோலன் பெயரைக் கூப்பிட்டார்கள். கைதட்டல். "பலகையக் காட்டுடா!" என்று ஒருவர். மைக் முன்னால் தொப்பியைக் கழற்றினான். தாள் எதுவும் கையில் இல்லை.

"பிஷப் வளைவு, ஒண்ணுமில்ல" என்றான். "உடைஞ்ச பாலம், ஒண்ணுமில்ல. ஹென்றிக் குழி, கெளுத்தி. சிப்பித் திட்டு, ஒண்ணுமில்ல."

சிரிப்பு எழுந்தது, ஏதோ வேடிக்கை வருகிறது என்று நினைத்து. அவன் நிறுத்தவில்லை. கிழக்குக் கரைப் பெயர்களைச் சொல்லத் தொடங்கியதும் அந்தப் பக்கத்து ஆட்களிடம் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் கீழே குனிந்தது.

"எண்ணெய்க் கால்வாய். அதுல இருக்கு" என்று முடித்தான். "அதுல மட்டும்தான் இருக்கு. நான் போன மாசம் வரைக்கும் அதுலதான் பிடிச்சேன். ஆளுக்குப் பதினஞ்சு போதும். கேப்டன் பங்கு வேண்டாம்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "உங்கக்கா எழுதிக் குடுத்தாளா?"

நோலன் திரும்பிப் பார்த்தான். "இல்ல. அவளுக்கு இத்தனை குழி பேரு தெரியாது."

உண்மை. பாதிப் பெயர் எனக்குப் புதிது. முப்பது வருடம் இதே ஊரில் செய்தி எழுதியவளுக்கு. குறிப்பெடுக்க மறந்து நின்றேன். இப்போது நினைவிலிருந்து எழுதுகிறேன். எனக்கு இப்படி நடந்ததே இல்லை.

ஜனவரி 17

கூட்டத்துக்குப் பிறகு நோலனுக்கு நான்கு முன்பதிவுகள் ரத்து. சொன்னவன் அவனே. இரண்டு கைடுகள் அவனுடன் பேசுவதில்லை. ஒருவர் வந்து, கிழக்குக் கரையில் எந்தெந்த இடம் பார்த்தாய் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாராம்.

படகுத்துறைக்கு நான் போனபோது அவன் பலகையில் மீன் இல்லை. ஈரக் கையுறைகளை ஆணிகளில் காயப்போட்டிருந்தான்.

"டில்லர்ட் வசந்தத்துல வலை போட வருவானில்ல? என் படகு வேணுமான்னு கேளு" என்றான். "எங்க போடணும்னு நான் காட்டறேன்."

"வலை போடத் தெரியாதவன்னு சொன்னியே."

"அதான் காட்டறேங்கறேன்."

டில்லர்ட்டைக் கேட்டேன். வலை போடும் இடங்கள் முன்பே குறிக்கப்பட்டவை, யாருக்காகவும் மாற்ற முடியாது. கூட வந்து பார்க்கலாம், தடையில்லை என்றார். நோலனிடம் அப்படியே சொன்னேன். ஒரு கையுறையைத் திருப்பி மாட்டினான். "சரி. பாக்கவாவது வரேன்."

நிலுவையில் இருப்பவை: ஆணையத்தின் வாக்கெடுப்பு, பிப்ரவரி 5. மூவரில் இருவர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, கேட்டும் சொல்லவில்லை. நிறைவேறினாலும் கோடைக்கு முன் நடைமுறைக்கு வராது. அதுவரை கால்வாய் திறந்துதான் இருக்கும். இன்றும் படகுகள் போயின. வசந்த கால வலையின் முடிவு மே மாதக் கடைசியில். கால்வாயில் இப்போது இருப்பவை முட்டையிடும் காலம் வரை மிஞ்சினவா என்று அப்போதுதான் தெரியும்.