படியில் விழவில்லை, அக்கா

அக்கா,

நேற்று டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். ஷிப்ட் முடிந்து வருகிறவள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் நிறுத்தம் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை. மில்லிலிருந்து நீங்கள் அப்படித்தான் வருவீர்கள்.

எங்கள் ஊரான புதூர்ப் பக்கம் மழை இல்லாத வருஷம், அம்மாவும் அப்பாவும் திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். படிப்பு கெடக் கூடாதென்று என்னைக் கோவில்பட்டியில் சித்தப்பா வீட்டில் விட்டார்கள். அந்த வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். சித்தப்பா பெல்ட்டை எடுத்தால் உங்களுக்குக் கேட்கும் என்பது எனக்குத் தெரியாது. ஒருநாள் குழாயடியில் என் கையிலிருந்த தடிப்பைப் பார்த்தீர்கள். என் குடத்தையும் சேர்த்துத் தூக்கி வந்தீர்கள்.

அந்த வாரமே, நீங்கள் புகார் சொல்லி, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள். சித்தப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்கள்.

"படியில விழுந்துட்டேன்" என்றேன்.

"புள்ள பயந்து சொல்லுது சார். தனியாக் கேளுங்க" என்றீர்கள் வாசலில் நின்று. அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அதன்பிறகு தெருவே உங்களைக் குடும்பத்தைக் கெடுப்பவள் என்றது. சித்தப்பா உங்கள் வாசலில் நின்று ஏசியபோது நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டின் சொந்தக்காரர் உங்களைக் காலி செய்யச் சொன்னார். நீங்களோ சாமானைக் கட்டுவதற்கு முன்னால், மில்லுக்கு லீவு போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறினீர்கள். முகவரி தெரியாமல் விசாரித்து விசாரித்து அம்மாவைக் கண்டுபிடித்தீர்கள். யாரையும் குறை சொல்லவில்லையாம். "ஒங்க மகள நீங்களே வந்து ஒருக்காப் பாருங்க" என்று மட்டும் சொன்னீர்களாம்.

அம்மா வந்து என் முதுகைப் பார்த்தாள். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நீங்கள் கயத்தாற்றுக்குக் குடிபோனீர்கள்.

கல்லூரியில் படிக்கும்போது பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சிரித்தீர்கள். ஊரறிய உங்களைப் பொய்க்காரியாக்கிய நான், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு திருநெல்வேலிக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன், பஸ் கயத்தாற்றில் நிற்கும். ஒருமுறையும் இறங்கவில்லை.

நீங்கள் தவறிப்போனது தெரிந்த பிறகுதான் இறங்கினேன். உங்கள் வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ அந்தப் புதூர்ப் புள்ளதான?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"அன்னைக்கு ஒன்னப் பாத்துட்டு வந்து அவளுக்கு ஒரே சந்தோசம். காலேசுப் பை போட்டிருந்தான்னு சொன்னா. போயிப் பேச வேண்டியதுதானன்னு கேட்டேன். அதுக்கு அவ, என்னப் பாத்தா அந்தப் புள்ளைக்கு அந்த வீடு ஞாபகம் வரும்லா, அவ மறந்துட்டு நல்லா இருக்கட்டும்னுட்டா."

கேட்க வந்த மன்னிப்பைக் கேட்காமலே பஸ் ஏறினேன்.

நான் வெட்கப்பட்டுத் திரும்பியதை, நான் தேறிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டு நீங்கள் விலகியே இருந்திருக்கிறீர்கள். நான் மறக்கவில்லை, அக்கா. பெல்ட்டையும் மறக்கவில்லை, வாசலில் தனியாக நின்ற உங்களையும் மறக்கவில்லை. நான் மறந்துவிட்டதாக நினைத்தே நீங்கள் நிம்மதியாகப் போயிருக்கிறீர்கள். அந்த நிம்மதி நான் முகம் திருப்பிய பொய்யிலிருந்து வந்ததா, உங்கள் நல்ல மனதிலிருந்து வந்ததா என்று கேட்டபடியேதான் இன்னும் நடமாடுகிறேன்.