சக்கரத்து நட்டு

காஹாங் ரப்பர்த் தோட்டம், 14 ஆகஸ்டு 1943, இரவு 9 மணி. ஆலை எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடி திருப்பி என் மண்டையில் அடித்து ஆறாவது நாள்.

தூங்கு, தூங்கு என்கிறார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர். தூங்கினால் கனவிலும் ரப்பர் ஆலை, எண்ணெய் நாற்றத்தோடு.

மாலையில் அக்காள் புருஷன் வந்தார். "அடிபடறதுக்கு முன்னாடி எஞ்சின் பெரிய சக்கரத்து நட்டை முடுக்கிட்டியா மாப்ள? காலையில ஆலையப் பாக்க ஜப்பான்காரன் வாரான். நான்தான் ஓட்டணும்."

"முடுக்கியாச்சு, போங்க மச்சான். எத்தனை தடவை கேப்பீங்க?"

இப்போதுதான் உறைக்கிறது. நான் முடுக்கியபோது ஆலையில் மின்விளக்கு எரிந்தது. ஜப்பான்காரன் வந்ததிலிருந்து அங்கே விளக்கே கிடையாது. முடுக்கியது கனவில். நட்டு கழன்றால் சக்கரம் மச்சான் மேல்தான் பாயும். வெளியே ஊரடங்கு, தலை காட்டினால் சுடுவான்.

1. விடிந்ததும் மச்சானிடம் ஓட வேண்டும். தலை சுற்றினால் தவழ்ந்தாவது.
2. நட்டைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.
3. அதுவரை தூங்கக் கூடாது. தூங்கினால், போய்ச் சொல்லிவிட்டதாகக் கனவு வரும்.