நிழலில் எண்ணிய விரிசல்கள்

ஜூன் 9, திங்கள்
கடும் வெயில். அலுவலகத்தில் ஏ.சி. கணினிக்கு, பக்கத்தில் உட்காருவதால் எனக்கும் கொஞ்சம். கருத்தரங்குக் கட்டுரை பாக்கி. பொருள்: திருவொற்றியூர்க் கடல் தடுப்புக்குக் கல் தரும் குவாரி. பாறையில் விரிசல்கள் எந்தத் திசை, எவ்வளவு இடைவெளி என்று நான் அளந்து கொடுத்தால், எவ்வளவு பெரிய கல் பெயரும் என்று கணினி கணக்கிடும். மார்ச்சில் சொன்னது: ஐந்து டன், அலை புரட்டாத அளவு, தாராளமாக. மூன்று வண்ணத்தில் படம். மேலாளர் படத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டார்.

வாங்க வேண்டியவை: ஃபிலிம் ரோல், பிளாப்பி, தலைவலி மாத்திரை.

ஜூன் 10
கட்டுரைக்குப் புகைப்படம் எடுக்கக் கடற்கரை. லாரி கொட்டிய கற்கள் துணி துவைக்கத் தோது. கடைசி வீட்டு சரசு, மீன் விற்பவர், இடுப்பில் கூடையோடு:

"இன்னா சார், கடலுக்கு ஜல்லி கொட்றீங்களா? நேத்து போட்டது இன்னிக்கு இல்ல. இன்னும் பத்து அடி, அப்பால என் வூடுதான். எந்த கஸ்மாலம் அந்த மலைய பாத்து எழுதிக் குட்த்தான்?"

"தெரியலையே" என்றேன். உடனே. யோசிக்கக்கூட இல்லை.

ஜூன் 11
குவாரிக் குறிப்பேட்டைத் திறந்தேன். திறக்காமலே தெரியும்.

பாறைச் சுவர்கள் இரண்டு. ஒன்றில் வெயில், ஒன்றில் நிழல். நிழலில் டேப் பிடித்து, அதில் குறுக்கிட்ட விரிசல்களை எண்ணினேன். முக்கிய விரிசல்கள் அந்தச் சுவருக்கு இணையாக ஓடுபவை. டேப்பில் குறுக்கிட வழியே இல்லை. கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டியே நடந்துவிட்டு, வழியில் தண்டவாளம் எதுவும் குறுக்கிடவில்லை என்று எழுதியதுபோல.

வெயில் சுவரின் பழைய படங்களிலிருந்து திருத்திய இடைவெளி கொடுத்து மறுபடி ஓட்டினேன். அரை டன். கணினிக்கு வெட்கமில்லை, கொடுத்ததைச் செய்தது.

ஜூன் 12
மேலாளரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"குவாரிய மாத்தினா வேலை நின்னுடும் சார். கட்டுரையில 'பாறையின் தன்மை இடத்துக்கு இடம் மாறக்கூடும்'னு ஒரு வரி சேர்த்துடுங்க."

சேர்த்தேன். நல்ல வரி. நானே மெருகேற்றினேன். மதியம் தயிர் சாதம் முழுதும் சாப்பிட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஜூன் 14, சனி
கடல் கொந்தளிப்பு. போகாமல் இருக்க முடியவில்லை. சரசு வீட்டின் பின்சுவர் இல்லை. சமையலறை இருந்த இடத்தில் நுரை.

"அக்கா, அந்த மலைய பாத்து எழுதிக் கொடுத்தது நான்தான். விரிசல தப்பா எண்ணிட்டேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நீயா? சரி, மரமாட்டம் நிக்காத. பீரோவ அந்தாண்ட புடி."

தூக்கினோம். மூச்சு வாங்கும்போது கேட்டார்: "திங்கக்கெழம நாங்க பத்துப் பேரு இந்தக் கல்லு போட்ற ஆபீசர பாக்கப் போறோம். இத்தையே அங்க வந்து சொல்லுவியா? இல்ல, அங்க போனா தெரியாதும்பியா?"

ஜூன் 16, திங்கள்
விடுப்புக் கடிதம்: காரணம் 'சொந்த வேலை'. இரண்டு கணக்கையும் அச்செடுத்துக்கொண்டேன். வேலை போகும், பெரும்பாலும் இன்றே.

அதிகாரியின் அலுவலக வாசலில் எல்லோரும் முன்பே வந்திருந்தார்கள். நான் கிட்டே போனதும் அத்தனை பேரும் திரும்பினார்கள். சரசு அறிமுகம் செய்தார்:

"இவுருதான். யாரும் கை வெக்காதீங்க. தானா வந்துகீறாரு."