ஏசி போட்ட வண்டியும் வெண்ணிலாவின் வளையலும்

விழுப்புரம்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் செல்வகுமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்க நாங்க எல்லாரும் உசுரோட இருக்கோம், உன் தங்கச்சி வெண்ணிலா நல்லா இருக்கா, அவ வயித்துல இருக்கிற புள்ளயும் நல்லா இருக்கு. இத மொதல்ல ரெண்டு தடவ படிச்சிட்டு அப்புறம் மீதிய படி, நடுவுல போன எடுத்து அப்பாகிட்ட கத்தக் கூடாது, சொல்லிட்டேன். நீ அங்க கத்தார்ல வேளைக்கு சாப்பிடறியா, வெயில்ல மாடி ஏறி வேலை செய்றப்ப தலைக்கு துண்டு கட்டிக்கிறியா. போன்லயே சொல்லலாம்னு எடுத்தேன், வாயத் தொறந்தா அழுகை வருது, நீயும் பயந்துகினு எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துடுவ. பக்கத்துத் தெரு பிரான்சிஸ் லீவு முடிஞ்சி நாளைக்கு உன் ஊருக்கு வர்றான், அதான் நீ அங்க கடையில கடலை உருண்டைன்னு வாங்கறியே, நம்ம மல்லாட்டை உருண்டை, அதோட இதையும் அவன்கிட்ட குடுத்தனுப்பறேன்.

திண்டிவனத்துல வெண்ணிலா மாமியார் வீட்டுல வளைகாப்பு நடந்தத நீ வீடியோவுல பாத்த, அதுக்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. ஆரம்பத்துலருந்து சொல்றேன். போன வெயில் காலத்துல சம்பந்தி கிருஷ்ணசாமி நம்ம வெள்ளை வண்டியில வந்தாரே, எறங்கறப்ப சட்டையப் புழிஞ்சிக்கினே இது வண்டியா இட்லிப் பானையான்னு கேட்டாரு. சிரிச்சிக்கினுதான் கேட்டாரு, ஆனா உங்கப்பாவுக்கு அது முள்ளா தச்சிடுச்சி. ஏசி செத்து எத்தனையோ வருஷம் ஆச்சி, அது வரைக்கும் ஒரு நாளும் கவலப்படாத மனுஷன், பொண்ண குளுகுளுன்னு கூட்டிக்கினு வந்து காட்டறேன் பாருன்னு கெளம்பிட்டாரு. உங்க புள்ள ஏசி மெக்கானிக்குதானே, ஒரு வார்த்த கேளுங்கன்னேன். அவன் கட்டடத்து ஏசிக்காரன், வண்டி ஏசி அவனுக்கு என்னா தெரியும்னு என் வாய அடச்சிட்டாரு. பைபாஸ்ல பட்டறை வச்சிருக்கிற தேவசகாயம் டேஷ்போர்ட மொத்தமா கழட்டிப் போட்டாரு. உள்ள கூலிங் காயில் ஓட்டையாம், அதனாலதான் கேஸ் நிக்கலயாம். புது காயிலும் பைப்பும் போட்டாரு. அந்த பைப் இஞ்சின் பக்கத்துலருந்து தகரத்து ஓட்டை வழியா உள்ள வருதாம், ஓட்டையச் சுத்தி அடைக்கிற ரப்பர் மக்கிப் பொடியாப் போயிருந்துச்சி. புது ரப்பர் பாண்டிச்சேரிலருந்து வரணும். மறுநா வளைகாப்பு, உங்கப்பா ஜல்தி ஜல்தின்னு பட்டறையிலயே நிக்கறாரு. சரி துணிய சுருட்டி அடைச்சிக்கலாம், ஒண்ணும் ஆவாதுங்கன்னு ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க. இஞ்சின்கிட்டயே சைலன்சர் ஜாயிண்டு விட்டுப்போயி டபடபன்னு அடிச்சிக்கினு இருந்ததும் ரெண்டு பேருக்கும் தெரியும், அத அப்புறம் பாத்துக்கலாமாம்.

வளைகாப்பு முடிஞ்சி கெளம்பறப்ப உச்சி வெயில். உன் அத்தை சின்னபொண்ணு சும்மா வருவாளா, புள்ளத்தாச்சிப் பொண்ணு, தலை நெறைய பூவு, வழியில சுடுகாடு இருக்கு, புளியமரம் இருக்கு, காத்து கருப்பு பட்டுடும், ஒரு கண்ணாடியும் எறக்கக் கூடாது, ஊரு போயி சேர்ற வரைக்கும் வண்டிய எங்கயும் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டு, ஏசி காத்து வர்ற சந்துல ஒரு கொத்து வேப்பிலைய வேற சொருகிட்டா. நானும் நல்லதுக்குத்தானேன்னு இருந்தேன். வண்டி ஜில்லுன்னு இருந்துச்சி, ஓட்டற உங்கப்பா மொகத்துல அப்பிடி ஒரு பெருமை. வெண்ணிலா என் பக்கத்துல உக்காந்துக்கினு, வயித்துல இருக்கிறதுக்குக் கேக்கட்டும்னு வளையல மேலயும் கீழயும் தள்ளிக்கினே வந்தா. கூட்டேரிப்பட்டு தாண்டறப்ப லேசா பொக நாத்தம் அடிச்சது. ஆரத்தி கற்பூரம் சேலையில ஏறியிருக்கும்னா உன் அத்தை. மல்லிப்பூ, சந்தனம், தூக்குல புளிசாதம், இதுக்கு நடுவுல எத எதுன்னு பிரிக்கிறது. விக்கிரவாண்டி கிட்ட ரோடு வேலை, லாரியும் பஸ்சுமா அடச்சிக்கினு நிக்குது, நாங்களும் ஏசியப் போட்டுக்கினு நிக்கறோம். எனக்கு மண்ட விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, உன் அத்தை கொட்டாவி மேல கொட்டாவி விடறா, எல்லாம் வெயில் களைப்புன்னுதான் நெனச்சேன். வண்டி நகர ஆரம்பிச்ச பிறகுதான் வளையல் சத்தம் நின்னுபோயிருக்கறது உறைச்சது. வெண்ணிலா வெண்ணிலான்னு கூப்பிடறேன், பதில் இல்ல. அவ கையத் தூக்கினேன், கை பொத்துன்னு விழுந்து வளையல் அத்தனையும் ஒண்ணா சலார்னு எறங்குச்சி. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்குதுடா செல்வா.

நிறுத்துங்கன்னு நான் அலறினேன். உன் அத்தை அரைத் தூக்கத்துலயே நிறுத்தக் கூடாதுங்கறா. நீயும் உன் சாங்கியமும் நாசமாப் போங்கன்னு கண்ணாடிய எறக்கிட்டு உங்கப்பா தோளப் புடிச்சி உலுக்கினேன், அவரு கண்ணும் சொருகிக்கினுதான் இருந்துச்சி. எப்பிடியோ ஓரங்கட்டினாரு, எறங்கினவரு நிக்க முடியாம ரோட்டுலயே உக்காந்துட்டாரு. பின்னாடி மினி லாரியில மல்லாட்டை மூட்டை ஏத்திக்கினு வந்த ஒரு புண்ணியவான் மூட்டைங்க மேலயே எங்கள ஏத்தி முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு அடிச்சிக்கினு போனாரு. எங்க எல்லாருக்கும் மூக்குல மாஸ்க்கு மாட்டிட்டாங்க. சைலன்சர் விட்டுப்போன எடத்துலருந்து வந்த இஞ்சின் பொக அந்த ஓட்டை வழியா உள்ள ஏறியிருக்கு, அடச்ச துணி எங்கயோ விழுந்துபோச்சி. வெண்ணிலா கண்ணு முழிச்சிட்டா, ஆனா புள்ள என்னாச்சின்னு தெரியல. நர்சம்மா வயித்து மேல மிஷின வச்சி இந்தப் பக்கம் தேடறாங்க, அந்தப் பக்கம் தேடறாங்க, ஒண்ணும் கேக்கல. பனமலை ஈஸ்வரா, என்ன வேணா எடுத்துக்கோ, இத வுட்டுடுன்னு கும்புட்டேன். அப்புறம் குதிர ஓடற மாதிரி கேட்டுச்சி பாரு, நான் சுவத்தப் புடிச்சிக்கினு அழுதுட்டேன்.

டாக்டரு வீட்டுக்கு அனுப்பிட்டாரு. ஆனா புள்ள பொறக்கற வரைக்கும் துடிப்பு அசைவ கவனிச்சிக்கினே இருங்க, கொஞ்சம் கொறஞ்சாலும் ஒடனே வாங்கன்னு சொல்லியிருக்காரு. ரோட்டுல விட்டுட்டு வந்த அதே வண்டியிலதான் வந்தோம், சேதி கேட்டு ஓடியாந்த மாப்பிள்ள எடுத்தாந்து ஓட்டினாரு. ஏசி கெடையாது, அனல் காத்து மூஞ்சில அடிக்குது, மொத கண்ணாடிய எறக்கினது யாருன்னு நெனைக்கிற, உன் அத்தைதான். சம்பந்தி வந்து பாத்தாரு, வண்டியப் பத்தி ஒரு வார்த்த பேசல. திட்டியிருந்தாகூட உங்கப்பா தாங்கியிருப்பாரு. இப்ப சாவியத் தொட மாட்டேங்கறாரு, சோறு எறங்க மாட்டேங்குது. தேவசகாயம் அழாக்கொறையா வந்து ரப்பர் போட்டு, சைலன்சரையும் ஒட்ட வச்சிட்டுப் போயிட்டாரு, அப்பவும் கிட்டப் போக மாட்டேங்கறாரு. எந்நேரமும் வலி எடுக்கலாம், வண்டி வாசல்லயே நிக்குது, மாப்பிள்ளயும் திண்டிவனம் திரும்பிட்டாரு, ஓட்டறதுக்கு ஆளில்ல. கேட்டா, செல்வா பாத்து சரின்னு சொன்னாதான் எடுப்பேன்னு சொல்றாரு. கேட்டுக்கோ, உனக்கு என்னா தெரியும்னு சொன்ன அதே வாயிதான். அதனால நீ திட்டாத. வீடியோவுல கூப்பிட்டு, பானட்ட தொறந்து காட்டுப்பான்னு சொல்லு, ஓட்டைய கிட்டக்க காட்டச் சொல்லி நல்லாப் பாரு. சரியா இருந்தா மட்டும் சரின்னு சொல்லு, அவரு மனசுக்காகப் பொய் சொல்லிடாத.

வேற ஒண்ணும் இல்ல கண்ணு. கோவத்தக் கொறச்சிக்கோ, மல்லாட்டை உருண்டைய ரூம்ல இருக்கறவங்களுக்கும் குடு, பூட்டி வச்சிக்காத. பனமலை சாமி உன்னையும் உன் தங்கச்சியையும் ஒரு கொறையும் இல்லாம காப்பாத்தணும். கடிதாசி கெடச்ச அன்னிக்கே அப்பாவ கூப்பிடு, மறந்துடாத.

இப்படிக்கு, உன் நெனப்பாவே இருக்கிற
அம்மா மயிலம்மா

கவர ஒட்டறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. எழுதிக்கினு இருக்கறப்பவே உள்ள வளையல் சத்தம் கேக்கல. ஓடிப்போயி பாத்தேன், தூங்கறா. மனசு கேக்காம கையத் தூக்கிப் பாத்தேன். வெடுக்குன்னு இழுத்துக்கினு, ஏம்மா இப்பிடி உசுர வாங்கறன்னு கத்தறா. கத்தட்டும்.