பூங்காவனத்தின் பித்தம்

காஜா பேராங்,
மலாக்கா.
15.10.1957

சிரஞ்சீவி கருணாகரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

வழக்கமாக முதல் வரியில் எழுதும் ஆசீர்வாதத்தை இந்தத் தடவை கடைசிக்கு வைத்திருக்கிறேன். முதலில் நீ கேட்ட விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாக வந்து உன் பெண்சாதி பூங்காவனத்தைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப்போவதாகவும், அதற்குள் அவளுடைய பித்தம் தணிந்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய்.

மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்த மறுவாரம் அவளைப் பஸ் ஏற்றி அனுப்பினாய். பையில் இருந்த உன் கடிதத்தில், அவளுக்குத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறாள், உடம்பெல்லாம் பித்தம், குளிர வைத்து அனுப்புங்கள் என்று கண்டிருந்தது. பிள்ளை பொய் எழுத மாட்டான் என்று நம்பி வேலையைத் தொடங்கினேன்.

பித்தம் என்பது கெட்ட பொருள் இல்லையப்பா. வகுப்பில் பிள்ளைகளுக்கு அடுப்பைக் காட்டித்தான் சொல்வேன். தீ இல்லாவிட்டால் அரிசி வேகாது, தீ மிஞ்சினால் சோறு அடிபிடிக்கும். வயிற்றுக்குள் இருக்கிற அந்தத் தீ அளவோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். புளி, மிளகாய், கருவாடு, பட்டினி, வெயில், கோபம் இவையெல்லாம் அதற்கு விறகு. ஆகவே மிளகாய்ச் சம்பாலையும் ஊறுகாயையும் நிறுத்தினேன். காலையில் கொத்தமல்லி ஊறிய தண்ணீர், மத்தியானம் மோர்ச்சோறும் வெள்ளரிக்காயும், சாயங்காலம் பார்லித் தண்ணீர். எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள். முதல் வாரத்திலேயே நன்றாகத் தூங்கவும் தொடங்கிவிட்டாள். எதிர்த்துப் பேசுகிறவள் என்று எழுதியிருந்தாயே, தட்டில் உப்புக் குறைந்தால்கூடக் கேட்கத் தெரியாதவளாக இருந்தாள்.

கணேசமூர்த்தி வைத்தியரை வீட்டுக்கு அழைத்து நாடி பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். “டீச்சரம்மா, இது பித்த நாடி இல்லை, பயந்த நாடி. நாய் துரத்தின கோழிக்கு இப்படித்தான் அடிக்கும்” என்றார். புது ஆளைக் கண்ட கூச்சமாக இருக்கும் என்று நான் உனக்காக வாதாடினேன். அப்புறம், தினமும் காப்பியில் கலந்து கொடுக்கச் சொல்லி நீ அனுப்பி, நான் இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த பொட்டலத்தைக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது மாட்டுக்குக் கொடுக்கிற பேதித் தூளாம். அங்கே உன் வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்காததற்குக் காரணம் தெரிந்தது. வாசல் சாக்கடையில் கொட்டினேன். அந்த நாற்றம் இன்னும் மூக்கில் நிற்கிறது.

அப்போதுகூட, யாரோ மருந்துக்கடைக்காரன் உன்னை ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

பித்தத்துக்கு எண்ணெய்க் குளியலை மிஞ்சிய மருந்து இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுவேன். ஒரு வாரம் தலைவலி என்பாள், மறுவாரம் தானே வைத்துக்கொள்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொள்வாள். மாமியார் முன் கூச்சம் என்று விட்டுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை விடவில்லை. நல்லெண்ணெயில் சீரகம் போட்டுக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போய்ப் பலகையில் உட்கார வைத்தேன். தலைக்கு வைத்துவிட்டுக் கழுத்துக்கு இறங்கினேன். முதுகுத் துணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் இழுக்காமல் காத்திருந்தேன். கடைசியில் அவளே விட்டுவிட்டாள்.

கருணாகரா, உனக்குச் சர்க்கார் வேலை கிடைத்த நாளில் புங்கா ராயா சாலைக் கடையில் நான் வாங்கிக் கொடுத்த பெல்ட் ஞாபகம் இருக்கிறதா? பக்கிளில் நங்கூரம் பொறித்தது. நீதான் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தாய். அந்த நங்கூரத்தை அவள் முதுகில் பார்த்தேன். ஓர் இடத்தில் அல்ல. சில ஆறிக் கறுத்தவை. நடுமுதுகில் இருந்தது இன்னும் சீழ் கட்டி, உள்துணியோடு ஒட்டியிருந்தது.

எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தேன். மஞ்சளாகக் கசந்து வந்தது. திரும்பி வந்தபோது, நான் கோபித்துக்கொண்டேனோ என்று அந்தப் பெண் முதுகை மூடிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கியிருந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அத்தை, எனக்குப் பித்தம் தணிஞ்சிருச்சுன்னு அவருக்கு எழுதிறாதீங்க. எழுதினா உடனே வந்து கூட்டிட்டுப் போயிருவாரு.”

உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. நோயாளியாகவே இருந்துவிடுகிறேன் என்று ஒரு பெண் கெஞ்சுகிறாள் என்றால், அவள் இருந்த வீடு எப்படிப்பட்டது?

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பையில் வந்த உன் கடிதத்தை மறுபடி படித்தேன். குண்டு குண்டாக, கோடு விலகாமல், நான் சொல்லிக்கொடுத்த கையெழுத்து. அடித்த கையே உட்கார்ந்து அப்படி அழகாக, அவள் எதிர்த்துப் பேசுகிறாள் என்று எழுதியிருக்கிறது. படித்து முடித்ததும் சீயக்காய் போட்டுக் கை கழுவினேன். சுவரில் இருந்த உன் படத்தையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். பெற்றவளுக்கு மகன்மேல் கோபம் வரலாம், அது ஆறிவிடும். எனக்கு வந்திருப்பது அருவருப்பு. அது எப்போது ஆறும் என்று தெரியவில்லை. வைத்தியர் என் நாடியையும் பார்த்தார். இந்த வீட்டில் பித்தம் ஏறியிருப்பது எனக்குத்தானாம்.

பக்கத்தில் கம்போங் செட்டியிலிருந்து மீனாச்சி வந்து பார்த்தாள். அந்தக் குடியிருப்பில் எல்லாரையும்போல அவளுக்கும் மலாய்தான், தமிழ் வராது. பூங்காவனத்துக்கு மலாய் அரைகுறை. மீனாச்சி முதுகைப் பார்த்தாள், “கசியான்” என்றாள், பாவம் என்று. அடித்தது யார் என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பிள்ளை என்று சொல்லியிருக்க வேண்டும். அரிசியை நாள்கணக்கில் ஊறப்போட்டு, நாற்றம் போகக் கழுவி, அரைத்துக் காயவைத்த குளிர்ச்சி மாவைக் கொடுத்துவிட்டுப் போனாள். புண் ஆறிய தழும்புகளுக்கு அதைக் குழைத்துப் போடுகிறேன். சீழ் வைத்த இடத்துக்கு வைத்தியர் களிம்பு.

இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் பொய்யான தேர்ச்சி அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் அவள் கேட்டபடி எழுத முடியவில்லை. பூங்காவனத்துக்குப் பித்தம் இல்லை. இருந்ததும் இல்லை. ஆனாலும் அவளை அனுப்ப மாட்டேன். தீபாவளிக்கு முன்னும் வராதே, பின்னும் வராதே. வந்தால் வாசலில் நான்தான் நிற்பேன். நான் கூப்பிடும் நாளில் வரலாம், ஆனால் அந்த நாளை அவள்தான் சொல்ல வேண்டும். ஒருநாளும் சொல்லாமலே போகலாம்.

தீபாவளி விடியலில் உன் தலைக்கு எண்ணெய் வைப்பது என் வழக்கம். இந்த வருஷம் என் கை வராது. காய்ச்சிய எண்ணெயை ஒரு போத்தலில் அடைத்து, கோலாலம்பூர் போகிற தேவதாஸிடம் கொடுத்திருக்கிறேன். நீயே வைத்துக்கொள். தலைக்கு வைத்தபின் முதுகுக்கும் தேய்த்துப் பார். எப்படி வளைந்தாலும் கை எட்டாத இடம் ஒன்று நடுமுதுகில் இருக்கும். அவளுக்குப் புண் ஆறாமல் இருந்த இடம் அதுதான். மருந்து போட அந்த வீட்டில் அவளுக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை.

கடைசிக்கு வைத்த ஆசீர்வாதம்: எண்ணெயோடு நீ அந்த இடத்தை எட்ட முடியாமல் தவிக்கும்போது உனக்கு வெட்கம் வரட்டும்.

உன்னைப் பெற்ற
பாக்கியலட்சுமி